உணர்வும் தசை இயக்கமும்: நரம்பு மண்டலம் செயல்படும் முறை

மனித நரம்பு மண்டலம் என்பது உடலுக்கு வெளியிலும் உள்ளேயும் ஏற்படும் மாற்றங்களை உணர்ந்து, அவற்றுக்கு ஏற்பத் தசைகளையும் சுரப்பிகளையும் இயக்கும் அமைப்பாகும். மூளை, தண்டுவடம், இவற்றிலிருந்து உடலெங்கும் கிளைத்துச் செல்லும் நரம்புகள் ஆகியவை இதன் பகுதிகள். உணரப்படும் மாற்றத்தைத் தூண்டல் என்றும், அதற்கு உடல் தரும் பதிலைத் துலங்கல் என்றும் பள்ளிப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

உணர்தலையும் இயக்குதலையும் இரண்டு தனிப் பாடங்களாகப் படிப்பது வழக்கம். உடலில் அவை ஒரே சுற்றின் இரு பாதிகள். உணர்வு அறுந்தால், வலிமையான தசையே உறுப்புக்குப் பகையாகிவிடும். இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவற்றுள் முதன்மையானது, 1940களின் பிற்பகுதியில் தொடங்கி வேலூரில் தொழுநோயாளிகளின் கைகால்களில் நடந்த ஆய்வு. நரம்பு மண்டலம் இயல்பாக இயங்கும் முறையை முதலிலும், அது பழுதுபட்டபோது வேலூர் மருத்துவர்கள் கண்டறிந்ததை அடுத்தும், அந்த அறிவு இன்று சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காக்கும் விதத்தை இறுதியிலும் இக்கட்டுரை விளக்குகிறது.

உணர்வேற்பிகள்

தூண்டலை முதலில் பெறுபவை உணர்வேற்பிகள். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்களும், உட்செவியில் ஒலி அதிர்வை உணரும் மயிர்ச் செல்களும், நாவிலும் மூக்கிலும் வேதிப்பொருள்களை உணரும் செல்களும் உள்ளன. தோல் நம் உடலின் மிகப் பெரிய உணர்வு உறுப்பு. அதில் பலவகை ஏற்பிகள் உள்ளன. சில மென்மையான தொடுதலையும், சில தொடர்ந்த அழுத்தத்தையும், சில அதிர்வையும், சில தோல் இழுபடுவதையும் உணர்கின்றன. வெப்பம், குளிர், வலி ஆகியவற்றை உணர்பவை உறையில்லாத நரம்பு முனைகள்.

ஏற்பி எந்த வகையாக இருந்தாலும் அதன் வேலை ஒன்றே. ஒளி, அழுத்தம், வெப்பம் என எந்த வடிவில் ஆற்றல் வந்தாலும் அதை மின் செய்தியாக மாற்றித் தருவது அதன் பணி. இது செல்லின் வெளிச்சவ்வில் உள்ள நுண்ணிய புரத வாயில்களால் நடைபெறுகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கொண்டு ஆராய்ந்த டேவிட் ஜூலியஸ், ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறக்கும் ஒரு வாயிலைக் கண்டறிந்தார். சூடும் காரமும் ஒரே வாயிலைத் திறப்பதால்தான் மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது. அழுத்தத்தால் திறக்கும் வாயில்களை ஆர்டெம் பட்டபூட்டியன் கண்டறிந்தார். இருவருக்கும் 2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பல ஏற்பிகள், மாறாத தூண்டலுக்குப் பழகிவிடும். சட்டை அணிந்த சில நொடிகளில் அது உடலில் இருப்பதே மறந்துபோவது இதனால்தான். வலி ஏற்பிகள் அவ்வாறு எளிதில் பழகுவதில்லை. ஆபத்து நீங்கும்வரை எச்சரிக்கையும் நீடிக்க வேண்டும் என்பதே இதன் பயன்.

நரம்புச் செய்தி

நரம்பு மண்டலத்தின் அடிப்படை அலகு நியூரான் எனப்படும் நரம்புச் செல். மனித மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் செய்தியைப் பெறும் டெண்ட்ரைட்டுகள், செல் உடல், செய்தியைக் கொண்டு செல்லும் நீண்ட ஆக்ஸான் ஆகிய பகுதிகள் உண்டு. இடுப்பிலிருந்து கால்விரல் வரை செல்லும் ஆக்ஸான் ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும்.

ஓய்வு நிலையில் நியூரானின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். தூண்டல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. உட்புறம் நேர்மின் நிலைக்கு மாறுகிறது. உடனே பொட்டாசியம் அயனிகள் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு நொடிக்குள் முடியும் இந்தத் துடிப்பு, ஆக்ஸான் வழியே அடுத்தடுத்த இடங்களில் மீண்டும் மீண்டும் உருவாகி முன்னேறுகிறது. கணவாய் மீனின் தடித்த ஆக்ஸானில் இதை அளந்து விளக்கியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர். அவர்களுடைய ஆய்வு 1952இல் வெளிவந்தது. 1963இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஒரு நரம்பிழையில் துடிப்பு தோன்றினால் முழு அளவில் தோன்றும். இல்லையேல் தோன்றவே தோன்றாது. அப்படியானால் மெல்லத் தட்டுவதையும் ஓங்கி அடிப்பதையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது? துடிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டுதான். தூண்டல் வலுத்தால் ஒரு நொடியில் செல்லும் துடிப்புகள் கூடுகின்றன. செய்தி அனுப்பும் இழைகளும் கூடுகின்றன. துடிப்பின் எண்ணிக்கையே தூண்டலின் வலிமையைத் தெரிவிக்கிறது என்பதைக் காட்டிய எட்கர் ஏட்ரியன், 1932ஆம் ஆண்டின் நோபல் பரிசைச் சார்லஸ் ஷெரிங்டனுடன் பகிர்ந்துகொண்டார்.

எல்லா நரம்பிழைகளும் ஒரே வேகத்தில் செய்தியைக் கடத்துவதில்லை. மயலின் உறை போர்த்திய தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 80 முதல் 120 மீட்டர் வரை செல்லும். இதன் உச்ச அளவு மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். மெல்லிய மயலின் உறை கொண்ட வலி இழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரையும், உறையே இல்லாத இழைகளில் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரையும் செல்லும். கால் கட்டைவிரலைப் படியில் இடித்துக்கொண்டவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும். முதலில் சுருக்கென்று ஒரு வலி வருகிறது. ஒரு நொடி கழித்து, கடுப்பும் எரிச்சலுமாக இன்னொரு வலி பரவுகிறது. முதல் வலி வேகமான இழையில் வந்தது. இரண்டாவது மெதுவான இழையில் வந்தது.

தண்டுவடமும் அனிச்சைச் செயலும்

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் புறப்படுகின்றன. தண்டுவட நரம்புகள் ஒவ்வொன்றிலும் இருவகை இழைகள் சேர்ந்தே செல்கின்றன. உணர்ச்சி இழைகள் தண்டுவடத்தின் பின்பக்க வேர் வழியாக உள்ளே நுழைகின்றன. இயக்க இழைகள் முன்பக்க வேர் வழியாக வெளியேறுகின்றன. வேர்களில் பிரிந்திருக்கும் இவை, கைக்கும் காலுக்கும் செல்லும்போது ஒரே கயிற்றில் முறுக்கிய புரிகளைப்போல ஒன்றாகிவிடுகின்றன. தொழுநோயின் விளைவுகளைப் புரிந்துகொள்ள இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சூடான தோசைக்கல்லில் விரல் பட்டால், 'சுடுகிறது' என்று நாம் அறிவதற்கு முன்பே கை விலகிவிடுகிறது. உணர்ச்சி நியூரான் கொண்டுவந்த செய்தி, தண்டுவடத்தில் உள்ள இணைப்பு நியூரான் வழியாக நேரே இயக்க நியூரானுக்குச் செல்கிறது. மூளைக்கும் ஒரு பிரதி போகிறது. அது சேரும்போது கை பாதுகாப்பான இடத்தில் இருக்கும். இந்தப் பாதை அனிச்சை வில் எனப்படும்.

கையை மடக்கும் தசைக்குச் 'சுருங்கு' என்ற ஆணை போகும் அதே கணத்தில், கையை நீட்டும் தசைக்குத் 'தளர்' என்ற ஆணையும் போகிறது. இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கை அசையாமல் நின்றுவிடும். முள்ளில் கால் வைத்தவர் அந்தக் காலைத் தூக்கும்போது, மற்றக் கால் உடல் எடையைத் தாங்க விறைப்பதும் தண்டுவடத்தின் ஏற்பாடே. இவற்றை முறையாக ஆராய்ந்தவர் ஷெரிங்டன்.

மூளையின் பங்கு

தண்டுவடத்தில் ஏறும் உணர்வுச் செய்திகள் மறுபக்கம் கடந்து, தாலமஸ் வழியாகப் பெருமூளைப் புறணியின் உணர்வுப் பகுதியை அடைகின்றன. உடலின் இடப்பக்க உணர்வு மூளையின் வலப்பக்கத்தில் பதிவாவது இதனால்தான். அங்கே உடல் முழுவதற்கும் ஒரு வரைபடம் உண்டு. கனடாவின் மான்ட்ரியால் நகரில் அறுவை மருத்துவராக இருந்த வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி இந்த வரைபடத்தைத் தொகுத்தார். அதில் விரல்களுக்கும் உதடுகளுக்கும் மிகுந்த இடமும், முதுகுக்கு மிகச் சிறிய இடமும் ஒதுக்கப்பட்டுள்ளன. உறுப்பின் பரப்பைவிட அதன் உணர்வு நுட்பமே இடத்தைத் தீர்மானிக்கிறது.

உணர்வுப் பகுதிக்கு முன்னால், அதையொட்டியே இயக்கப் பகுதி உள்ளது. நாம் விரும்பிச் செய்யும் அசைவுகளுக்கான ஆணை இங்கிருந்து புறப்பட்டு, முகுளத்தில் பெரும்பாலும் மறுபக்கம் கடந்து, தண்டுவடத்தின் இயக்க நியூரான்களை அடைகிறது. அசைவின் அளவையும் நேரத்தையும் சிறுமூளை திருத்துகிறது. அசைவைத் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் பெருமூளையின் அடியில் உள்ள நரம்புத் திரள்கள் உதவுகின்றன. இவற்றில் டோபமைன் குறைவதால் வருவதே நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய்.

ஆணை தசையை அடையும் விதம்

ஒரு இயக்க நியூரானும் அது கிளைத்து இயக்கும் தசை நார்களும் சேர்ந்து ஓர் இயக்க அலகு எனப்படும். கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நியூரான் சில தசை நார்களையே ஆளும். அதனால் பார்வையை மிக நுட்பமாகத் திருப்ப முடிகிறது. கெண்டைக்கால் தசையில் ஒரு நியூரான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்களை ஒன்றாக இயக்கும். அங்கே நுட்பத்தைவிட விசை முக்கியம்.

நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே நுண்ணிய இடைவெளி உள்ளது. துடிப்பு முனையை அடைந்ததும் அசிட்டைல்கோலைன் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து, தசையின் ஏற்பிகளில் பொருந்துகிறது. அதனால் தசைக்குள் மின் மாற்றம் உண்டாகி, கால்சியம் வெளிவருகிறது. அப்போது மையோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. இதற்கான ஆற்றலை ஏ.டி.பி. தருகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலைனை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும்.

இந்த இடைவெளி எவ்வளவு முக்கியமானது என்பதை இரண்டு நஞ்சுகள் காட்டுகின்றன. நல்லபாம்பின் நஞ்சு, தசையின் ஏற்பிகளில் அமர்ந்து அசிட்டைல்கோலைனுக்கு இடம் தராமல் செய்கிறது. கடிபட்டவரின் இமைகள் சரிவதும், பிறகு மூச்சு தடைபடுவதும் இதனால்தான். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் நேர்மாறாக, சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. அசிட்டைல்கோலைன் தேங்கி, தசைகள் துடித்துத் துடித்துப் பின்பு செயலிழக்கின்றன. வயலில் மருந்து தெளிப்பவர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

திரும்பி வரும் செய்தி

தசை சுருங்குவதோடு வேலை முடிவதில்லை. எவ்வளவு சுருங்கியது, மூட்டு எந்தக் கோணத்தில் உள்ளது, விரல் நுனியில் எவ்வளவு அழுத்தம் ஏற்பட்டது ஆகிய விவரங்கள் அனைத்தும் திரும்பி வருகின்றன. தசைக்குள் இருக்கும் தசைக் கதிர்கள் நீளத்தையும், தசைநாணில் இருக்கும் ஏற்பிகள் இழுவிசையையும் தெரிவிக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட முடிவது இவற்றால்தான்.

சங்கரன்கோவில் பகுதியின் விசைத்தறிக் கூடங்களில் இதை நாள்தோறும் காணலாம். பாவில் ஓர் இழை அறுந்தால், நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டிப் பிணைக்கிறார். அதிகம் அழுத்தினால் நூல் மேலும் அறும். குறைவாக அழுத்தினால் நழுவும். சரியான அளவை அவருக்குச் சொல்வது விரல் நுனி. நூல் நழுவத் தொடங்கும் கணத்திலேயே தொடு ஏற்பிகள் செய்தி அனுப்ப, பிடி தானாகவே இறுகுகிறது. குளிர்ந்த நீரில் வெகுநேரம் நனைந்து மரத்த விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றால், தசைகளில் வலிமை இருந்தும் வேலை தடுமாறும்.

ஆணை போய்ப் பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கியவர்களுள் ஒருவர் வி. எஸ். ராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆய்வு செய்தவர் இவர். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு இல்லாத கை இருப்பதுபோலவும், அது இறுக மூடி வலிப்பதுபோலவும் தோன்றும். 1990களில் அவர் ஒரு பெட்டியில் நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். நல்ல கையைத் திறந்ததும், இல்லாத கையும் திறந்ததாகச் சிலர் உணர்ந்தனர், வலியும் தணிந்தது. மூளை எதிர்பார்த்த பதிலைக் கண் வழியாகக் கொடுத்ததே இதன் உத்தி.

தொழுநோய் பற்றி வேலூரில் கிடைத்த விடை

இந்தச் சுற்று உடலுக்குள்ளேயே நோயால் அறுந்துபோகும் நிலைதான் தொழுநோய். விரல்கள் குறுகுவதையும் ஆறாத புண்களையும் கண்ட மக்கள், இந்நோயில் தசை அழுகி உதிர்கிறது என்று நெடுங்காலம் நம்பினர். மருத்துவர்களும் நோயாளிகளின் தசை ஆறாத தன்மை கொண்டது என்று கருதி அறுவை சிகிச்சையைத் தவிர்த்தனர். நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்திருந்தார். ஆயினும் விரல்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை.

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில், அங்கே பணியாற்றிய ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947இல் தொழுநோய் வல்லுநர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று காட்டினார். மடங்கிய விரல்களுடன் இருந்த ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். வலிமை இருக்காது என்று எண்ணியவருக்குத் தாங்க முடியாத அளவுக்கு வலித்தது. முடங்கியதாகத் தோன்றிய அந்தக் கையில் வலிமையான தசைகள் இருந்தன. தன் பிடி மற்றவரை நோகடிக்கிறது என்பதுதான் அந்த நோயாளிக்குத் தெரியவில்லை.

பிராண்டும் அவருடைய குழுவினரும் ஏராளமான நோயாளிகளின் தசைகளையும் உணர்வையும் வரிசையாகச் சோதித்தனர். பாதிப்பில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. தொழுநோய்ப் பாக்டீரியா, நரம்பிழைகளுக்கு உறையிடும் செல்களில் வாழ்வது. உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. எனவே முழங்கையின் பின்புறம், மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால், முகம் என நரம்பு தோலுக்கு அருகே வரும் இடங்களிலேயே வீக்கமும் சிதைவும் ஏற்பட்டன. ஆழத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் நரம்புகள் தப்பின. முழங்கையில் அல்நார் நரம்பு பழுதானால், உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் வளைந்துவிடுகின்றன. அதே கயிற்றில் உணர்ச்சி இழைகளும் செல்வதால் சுண்டுவிரலும் அதையொட்டிய பகுதியும் மரத்துப்போகின்றன. முன்கையின் பெரிய தசைகள் மட்டும் முழு வலிமையோடு எஞ்சுகின்றன.

உணர்வற்ற தோலும் வலிமையான தசையும் சேர்ந்ததுதான் ஆபத்து. துருப்பிடித்த பூட்டில் சாவி திரும்பாதபோது, நமக்கு விரல் வலிக்கும், நிறுத்திவிடுவோம். வலி தெரியாதவர் மேலும் அழுத்தித் திருப்புவார். சாவி சதையைக் கிழித்து எலும்புவரை இறங்கும். அவ்வாறு ஒரு சிறுவனின் விரல் கிழிந்ததைப் பிராண்ட் நேரில் கண்டு, பின்னாளில் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அதன்பின் குழுவினர் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினர். சூடான குவளை, கருவியின் கரடுமுரடான பிடி, செருப்பின் ஆணி, விளக்கின் சுடர் எனக் காரணங்கள் கிடைத்தன. இரவில் உறங்கும்போது எலி கடித்தும் சிலர் விழிக்கவில்லை என்று தெரிந்ததும், பூனை வளர்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. புண்ணுக்கு ஓய்வு கொடுத்து, கிருமி தாக்காமல் பார்த்துக்கொண்டால், மற்றவர்களுக்கு ஆறுவதைப்போலவே ஆறியது. விரல்கள் தாமாக உதிர்வதில்லை. உணரப்படாத காயங்களும் கிருமித் தொற்றும் திரும்பத் திரும்பச் சேர்ந்து எலும்பைக் கரைக்கின்றன.

கண்ணிலும் இதே கதைதான். தூசி பட்டதை உணரும் நரம்பும், இமையை மூடும் நரம்பும் பழுதானால் இமைப்பு நின்று, விழிவெண்படலம் உலர்ந்து, பார்வை போகும். இத்துறையில் பால் பிராண்டின் மனைவியும் கண் மருத்துவருமான மார்கரெட் பிராண்ட் பணியாற்றினார்.

மடங்கிய கையை நிமிர்த்துதல்

நல்ல தசைகள் எஞ்சியிருக்கின்றன என்பதே சிகிச்சைக்கு வழிகாட்டியது. ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையில் இரண்டு தசைகள் உண்டு, ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். அதன் தசைநாணைப் பிரித்து, உள்ளங்கை வழியே புதிய பாதையில் செலுத்தி, விரலின் பக்கவாட்டில் இணைத்தால், செயலிழந்த சிறு தசைகளின் வேலையை அது செய்யும். 1948இல் வேலூரில் தொழுநோயாளியின் கையில் இத்தகைய சீரமைப்பு அறுவை சிகிச்சை தொடங்கியது. தொழுநோய்க் கைகளில் உலகில் செய்யப்பட்ட முன்னோடிச் சிகிச்சையாக அது கருதப்படுகிறது. 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டு இப்பணி விரிவடைந்தது.

தசைநாணை மாற்றி வைப்பது பாதி வேலைதான். 'விரலை மடக்கு' என்ற பழைய ஆணையால் இப்போது வேறோர் அசைவு நிகழும். அதை மூளை புதிதாகக் கற்க வேண்டும். வாரக்கணக்கில் இயன்முறைப் பயிற்சி தேவைப்பட்டது. தோலில் உணர்வு இல்லாததால், கண்ணால் பார்த்தே அசைவைத் திருத்தப் பழக்கினார்கள். கருவிகளுக்குத் தடித்த மரப்பிடி போடுவது, அடுப்பில் துணி பிடிப்பது, ஒவ்வொரு மாலையும் கைகால்களைத் தடவிப் பார்ப்பது ஆகியவை சிகிச்சையின் பகுதிகளாயின. அறுந்துபோன செய்திப் பாதைக்குப் பதிலாக, பழக்கம் என்ற மாற்றுப் பாதை அமைக்கப்பட்டது.

வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்ய முடியுமா என்றும் பிராண்ட் முயன்றார். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், அழுத்தத்தை உணரும் கையுறை, காலுறைகளைப் பொறியாளர்களுடன் சேர்ந்து உருவாக்கினார். அழுத்தம் மிகும்போது முதலில் ஒலி எழுப்பும்படி அமைத்தார்கள். நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு உணர்வுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். வேலையை முடிக்க வேண்டியபோது கருவியை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இயற்கை தந்த வலியை நம் விருப்பப்படி அணைக்க முடியாது என்பதே அதன் மதிப்பு.

போலியோவுடன் ஓர் ஒப்பீடு

போலியோ வைரஸ், தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள இயக்க நியூரான்களை அழிக்கிறது. தசை சூம்பிப்போகும், ஆனால் உணர்வு முழுமையாக இருக்கும். போலியோவால் செயலிழந்த காலில் முள் குத்தினால் வலிக்கும். அதனால் அந்தப் பாதங்களில் தொழுநோயில் காணும் ஆறாப் புண்கள் வருவதில்லை. அசையாத கால் பல ஆண்டுகள் முழுமையாக இருக்கிறது. அசையும், ஆனால் உணராத பாதம் சிதைகிறது. உணர்வு எத்தகைய காவல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானார். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

சர்க்கரை நோயும் பாதமும்

தொழுநோய்க்கு இன்று முழுமையான மருந்து உண்டு. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின் ஆகியவை சேர்ந்த கூட்டு மருந்து, நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. தோலில் உணர்வற்ற வெளிறிய அல்லது சிவந்த படை தோன்றியதுமே சென்றால், நரம்பு பழுதாகும் முன்பே நோயைக் குணப்படுத்தலாம். ஏற்கெனவே அழிந்த நரம்பை மருந்தால் மீட்க முடியாது. எனவே வெட்கத்தால் மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான். ஒருவர் தொழுநோயாளி என்பதை விவாகரத்துக்குக் காரணமாகக் கொள்ளும் விதி, 2019இல் சட்டத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது.

நரம்பு உணர்வை இழப்பவர்களில் இன்று பெரும்பகுதியினர் சர்க்கரை நோயாளிகள். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது. பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருக்கும் சர்க்கரை, மிக நீண்ட நரம்பிழைகளை முதலில் பாதிக்கிறது. அதனால் மரப்பு கால்விரல்களில் தொடங்கி மேலேறுகிறது. நோய் வேறு, பாதம் அழியும் வழி ஒன்றே. தொழுநோய்ப் புண்ணுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் பயன்பட்ட, பாதத்தோடு ஒட்டிய மாவுக்கட்டு முறையைப் பிராண்ட் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். இன்று அது சர்க்கரை நோய்ப் பாதப்புண்ணுக்கு உலகெங்கும் கையாளப்படுகிறது. மென்மையான மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பும் தொழுநோய்ப் பணியிலிருந்து வந்ததே.

பாதத்தின் உணர்வைச் சோதிப்பது எளிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை மருத்துவர் பாதத்தில் சில இடங்களில் வைத்து அழுத்துவார். கண்ணை மூடியிருப்பவர் அதை உணராவிட்டால், பாதுகாப்பு உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். அத்தகையவர்கள் செய்ய வேண்டியவை:

* ஒவ்வொரு நாளும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தோ வீட்டிலுள்ளவர் உதவியுடனோ பார்க்க வேண்டும்.
* வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும். அணியுமுன் உள்ளே கல், ஆணி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும்.
* வெந்நீரின் சூட்டைக் காலால் சோதிக்கக் கூடாது.
* காலாணியைப் பிளேடால் சீவக் கூடாது.
* வலிக்காத புண் என்று அலட்சியம் செய்யாமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சங்கரன்கோவில் சங்கரநாராயணசுவாமி கோயிலில் ஆடித்தபசு காலத்தில் வெறுங்காலுடன் வலம் வருவோர் பலர். பகல் வெயிலில் காய்ந்த கருங்கல் தளம் நல்ல பாதத்தைத் துள்ள வைக்கும். உணர்வற்ற பாதம் துள்ளாது. அங்கேயே நின்று கொப்பளித்துவிடும். அத்தகையவர்கள் அதிகாலையிலோ இருட்டிய பிறகோ வலம் வருவது நல்லது. திரும்பியதும் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

மாணவர்கள் செய்து பார்க்க

1. இரு புள்ளிச் சோதனை: கொண்டை ஊசியின் இரு முனைகளையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, கண்ணை மூடிய நண்பரின் விரல் நுனியில் மெல்லத் தொடுக. இரண்டு என்பார். அதே இடைவெளியில் முதுகில் தொட்டால் ஒன்று என்பார். மூளை வரைபடத்தில் விரலுக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாடு இது.

2. அளவுகோல் சோதனை: ஒருவர் 30 சென்டிமீட்டர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விட வேண்டும். கீழே சுழியத்துக்கு நேராக விரல்களை விரித்து வைத்திருப்பவர் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால், கண்ணில் தொடங்கி விரல் தசைவரை செய்தி செல்ல ஏறத்தாழ 0.2 நொடி ஆனது என்று பொருள்.

3. முழங்கைச் சோதனை: முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை மெல்லத் தடவினால் கயிறுபோல ஒன்று உருளும். இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கும். அதுவே அல்நார் நரம்பு. தொழுநோயைத் தேடும் சுகாதாரப் பணியாளர் முதலில் தொட்டுப் பார்க்கும் நரம்புகளில் ஒன்று இது.

தொகுப்புரை

ஏற்பி, உணர்ச்சி நரம்பு, தண்டுவடமும் மூளையும், இயக்க நரம்பு, தசை, மீண்டும் ஏற்பி எனச் செய்தி ஒரு வட்டமாகவே ஓடுகிறது. தசை எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குச் சொல்வது உணர்வுதான். வலியை நோய் என்று எண்ணி மாத்திரையால் அடக்குவதற்கு முன், அது எந்த உறுப்பைக் காக்க வந்த செய்தி என்று பார்க்க வேண்டும். வலி இல்லாத இடத்தில், அந்தக் காவலை நாளும் கண்ணால் பார்த்து நாமே செய்ய வேண்டும்.